புதுச்சேரி அரசின் 100 ரூபாய்: எங்கிருந்து வருகிறது, யார் கையைத் தாண்டிப் போகிறது?

சனிக்கிழமை காலை. சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் கார்கள் மரக்காணம் தாண்டி, கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்கின்றன. முதல் நிறுத்தம் பெட்ரோல் பங்க். "ஃபுல் டேங்க் போட்டுருங்கண்ணா." தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அடுத்த நிறுத்தம் பலருக்கு மதுக்கடை. அதற்குப் பிறகுதான் பீச், பிரெஞ்சு ஸ்ட்ரீட், கஃபே எல்லாம்.

இந்த மூன்று பில்களும் ஏதோ ஒரு வகையில் புதுச்சேரி அரசின் பட்ஜெட்டுக்குள் நுழைகின்றன. அந்தப் பட்ஜெட்டில் இருந்துதான் முதியோர் பென்ஷன், பள்ளி ஆசிரியர் சம்பளம், ரேஷன் அரிசி எல்லாம் வெளியே போகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரியில் 12.48 லட்சம் பேர். சென்னை மாநகராட்சியின் சில மண்டலங்களில் வசிப்பவர்களின் எண்ணிக்கைதான் இருக்கும். ஆனால் இந்தச் சின்ன ஊருக்கு ஒரு முதல்வர், 30 எம்எல்ஏக்கள், ஒரு துணைநிலை ஆளுநர், தனி பட்ஜெட் எல்லாம் உண்டு.

கேள்வி இதுதான்: அந்தப் பணம் எப்படி வருகிறது? வந்த பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் கணக்கு

முதல்வர் என்.ரங்கசாமி 2025 மார்ச் 12-ம் தேதி தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டின் மொத்த மதிப்பு 13,600 கோடி ரூபாய். அது எங்கிருந்து வரும் என்று அந்தப் பட்ஜெட் போட்ட கணக்கு:

- புதுச்சேரியின் சொந்த வருவாய்: சுமார் 7,641 கோடி
- மத்திய அரசின் நிதியுதவி: சுமார் 3,432 கோடி
- மத்திய அரசுத் திட்டங்களுக்கான பங்கு: 400 கோடி
- மத்திய சாலை நிதி: 25 கோடி
- கடன்: சுமார் 2,101 கோடி

இதையே 100 ரூபாயாகச் சுருக்கினால், 56 ரூபாய் சொந்தக் காசு, 28 ரூபாய் டெல்லி கொடுப்பது, 16 ரூபாய் கடன்.

பார்க்கும்போது பரவாயில்லையே என்று தோன்றும். பாதிக்கு மேல் சொந்தக் காலில்தானே நிற்கிறது? ஆனால் இந்த 56 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

'சொந்தக் காசு' எவ்வளவு சொந்தம்?

ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்கள் தாங்களே விலை வைத்து வசூலிக்கக்கூடிய பெரிய வரிகள் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. மது மீதான கலால் வரி, பெட்ரோல் டீசல் மீதான வாட், பத்திரப் பதிவு, வாகன வரி. புதுச்சேரிக்கும் அதே பட்டியல்தான்.

இதில் மது முக்கியமான வருமானம். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. புதுச்சேரியில் தனியார் கடைகளும் பார்களும் உரிமக் கட்டணம் செலுத்தி நடத்துகின்றன. சாராயக் கடையும் கள்ளுக் கடையும் இன்னமும் சட்டப்படி இருக்கின்றன. அவற்றை ஏலம் விட்டு அரசு 'கிஸ்தி' வசூலிக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். புதுச்சேரி ஒரே நிலப்பரப்பு கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கின்றன. ஏனாம், ஆந்திராவுக்கு நடுவில். மாஹே, கேரளாவுக்கு நடுவில் வெறும் 9 சதுர கிலோமீட்டர். புதுச்சேரிப் பகுதியே ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே என்று சிதறித்தான் கிடக்கிறது. பைக்கில் அரை மணி நேரம் போனால் எந்தத் திசையிலும் எல்லை வந்துவிடும்.

எனவே இங்கே விற்கும் பெட்ரோலிலும் மதுவிலும் கணிசமான பகுதியை வாங்குவது பக்கத்து மாநிலத்துக்காரர்கள். அவர்கள் வரக் காரணம் விலை வித்தியாசம். அந்த வித்தியாசம் போய்விட்டால் அவர்கள் வரவும் காரணம் இல்லை. ஆக, புதுச்சேரி எவ்வளவு வரி போடலாம் என்பதற்கு ஒரு மறைமுக உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது சென்னையும் திருவனந்தபுரமும்தான்.

கொரோனா காலத்தில் இதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. 2020 மே மாதத்தில் மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, வெளியூர்க் கூட்டம் குவியாமல் தடுக்க, தமிழ்நாட்டு விலைக்கு இணையாக வரும் வகையில் சிறப்புக் கலால் வரி போடப்பட்டது. கிட்டத்தட்ட ஓராண்டு அது நீடித்தது. வியாபாரிகள் விற்பனை சரிந்துவிட்டது என்று தொடர்ந்து புலம்ப, 2021-ல் அந்த வரி விலக்கிக்கொள்ளப்பட்டது.

மற்ற மாநிலங்களில் ஒரு திட்டத்துக்குப் பணம் வேண்டுமென்றால் வரியைக் கூட்டலாம். இங்கே கூட்டினால் வாடிக்கையாளர் எல்லை தாண்டிவிடுவார். 2025 ஜனவரியில் பெட்ரோல், டீசல் வாட் வரியைக் கூட்டியபோதும், தமிழ்நாட்டு விலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

கரன்ட் பில்: இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு

சொந்த வருவாயில் இன்னொரு பெரிய பங்கு மின்சாரம். தமிழ்நாட்டில் மின்சாரத்துக்குத் தனி நிறுவனம் உண்டு. புதுச்சேரியில் அது அரசின் ஒரு துறை. அதனால் ஒவ்வொரு வீடும் தொழிற்சாலையும் கட்டும் கரன்ட் பில் நேராக அரசு வருவாய்க் கணக்கில் ஏறுகிறது.

ஆனால் புதுச்சேரி தயாரிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. காரைக்காலில் 32.5 மெகாவாட் திறன் கொண்ட ஒரு எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. மிச்சத்துக்கு என்எல்சி, என்டிபிசி போன்ற மத்திய அரசு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். எனவே கரன்ட் பில்லாக வரும் பணம் மின்சாரக் கொள்முதலாக உடனே வெளியே போய்விடுகிறது.

இது பட்ஜெட்டின் மொத்தத் தொகையையும் 'சொந்த வருவாய்' விகிதத்தையும் பெரிதாகக் காட்டுகிறது. பள்ளிக்கூடம் கட்டவோ, மருந்து வாங்கவோ அந்தப் பணத்தைத் தொட முடியாது. 56 ரூபாயில் ஒரு பகுதி, கல்லாப்பெட்டியைக் கடந்து போகும் பணம் மட்டுமே.

ஓட்டல் பில்லில் ஒளிந்திருக்கும் கதை

இப்போது அந்தச் சனிக்கிழமைக் கார்க்காரருக்குத் திரும்புவோம். அவர் புதுச்சேரி உணவகம் ஒன்றில் 1,000 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 50 ரூபாய். பில்லைப் பார்த்தால் அது இரண்டாகப் பிரிந்திருக்கும்: 25 ரூபாய் சிஜிஎஸ்டி, 25 ரூபாய் எஸ்ஜிஎஸ்டி.

எஸ்ஜிஎஸ்டி 25 ரூபாய் புதுச்சேரி அரசுக்கு. காரணம், 2016-ல் செய்யப்பட்ட 101-வது அரசியல் சாசனத் திருத்தம். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசத்தை ஜிஎஸ்டி விஷயத்தில் 'மாநிலம்' என்றே கருத வேண்டும் என்று அது சொல்கிறது. ஜிஎஸ்டி கவுன்சிலில் புதுச்சேரிக்கும் நாற்காலி உண்டு.

சிஜிஎஸ்டி 25 ரூபாய் டெல்லிக்குப் போகிறது. ஆனால் அதை டெல்லி முழுவதுமாக வைத்துக்கொள்வதில்லை. 2021-26 காலத்துக்கான 15-வது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, பகிர வேண்டிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 25 ரூபாயில் சுமார் 10 ரூபாய். அதில் உத்தரப் பிரதேசத்துக்குச் சுமார் 1 ரூபாய் 84 காசு. தமிழ்நாட்டுக்குச் சுமார் 42 காசு. இப்படி 28 மாநிலங்களுக்கும் பங்கு.

அந்தச் சாப்பாட்டைப் பரிமாறிய புதுச்சேரிக்கு? பூஜ்ஜியம்.

ஏனென்றால் நிதி ஆணையத்தைப் பற்றிப் பேசும் அரசியல் சாசனப் பிரிவு 280, 'மாநிலங்கள்' என்று மட்டுமே சொல்கிறது. ஜிஎஸ்டி வசூலிக்கும்போது புதுச்சேரி ஒரு மாநிலம். மத்திய வரியைப் பிரிக்கும்போது அது யூனியன் பிரதேசம். புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஐடி ஊழியர் கட்டும் வருமான வரிக்கும், தொழிற்சாலை கட்டும் கம்பெனி வரிக்கும் இதே விதிதான்.

ஜிஎஸ்டியால் இன்னொரு இழப்பும் உண்டு. அது பொருள் எங்கே வாங்கப்படுகிறதோ அந்த ஊருக்குப் போகும் வரி. புதுச்சேரித் தொழிற்பேட்டையில் தயாரான பொருள் சென்னையில் விற்றால், மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு. சொந்தச் சந்தை சிறியதாக இருக்கும் ஊருக்கு இது அடி. முதல் 5 ஆண்டுகள் வருவாய் இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு இழப்பீடு கொடுத்தது. 2022 ஜூன் 30-ம் தேதியோடு அந்த உத்தரவாதம் முடிந்துவிட்டது.

கோவாவோடு ஒப்பிட்டால் ஒரு பதில், தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் இன்னொன்று

வரிப் பங்கு இல்லாததற்குப் பதிலாகத்தான் மத்திய உள்துறை வழியாக ஆண்டுதோறும் நிதியுதவி வருகிறது. அது குறைவா, நியாயமா?

கோவாவை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஒரு காலத்தில் யூனியன் பிரதேசம்தான். 1987 மே 30-ம் தேதி மாநிலமானது. மக்கள்தொகை 14.6 லட்சம், ஏறக்குறைய புதுச்சேரி அளவு. 15-வது நிதி ஆணையம் கோவாவுக்குக் கொடுத்த பங்கு 0.386 சதவீதம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வரிப் பங்கு மொத்தம் சுமார் 14.22 லட்சம் கோடி. அதில் கோவாவுக்குக் கிடைப்பது சுமார் 5,490 கோடி. அதே ஆண்டில் புதுச்சேரி எதிர்பார்த்த மத்திய நிதியுதவி சுமார் 3,432 கோடி.

2011 மக்கள்தொகையை வைத்துத் தலைக்கு வகுத்தால் கோவாவுக்குச் சுமார் 37,600 ரூபாய். புதுச்சேரிக்குச் சுமார் 27,500 ரூபாய். 'பார்த்தீர்களா, நம்மை ஏமாற்றுகிறார்கள்' என்று புதுச்சேரி மேடைகளில் எல்லாக் கட்சிகளும் பேசுவது இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் இதே கணக்கை எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் வரிப் பங்கு சுமார் 58,000 கோடி. 7.21 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 8,000 ரூபாய்தான். அதாவது கோட்டக்குப்பத்துக்காரருக்குத் தலைக்குக் கிடைப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முத்தியால்பேட்டைக்காரருக்குக் கிடைக்கிறது. இதுபோக ஜிப்மர் மருத்துவமனை, மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டும் மத்திய அரசின் நேரடிச் செலவில் நடக்கின்றன. அவை புதுச்சேரி பட்ஜெட்டிலேயே வராது.

எனவே 'டெல்லி கொடுப்பதே இல்லை' என்பது சரியல்ல. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கோவாவின் 0.386 சதவீதம் 5 ஆண்டுகளுக்கு எழுதி வைக்கப்பட்ட உரிமை. மத்திய வரி வசூல் கூடினால் அதுவும் தானாகக் கூடும். யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். புதுச்சேரியின் தொகை ஆண்டுக்கு ஆண்டு உள்துறையும் நிதித்துறையும் பார்த்துத் தருவது. கூடலாம், அப்படியே நிற்கலாம். ஒவ்வொரு ஆண்டும் முதல்வரும் அதிகாரிகளும் டெல்லிக்கு ஃபைலோடு போக வேண்டும். ஒன்று சம்பளம், இன்னொன்று வீட்டில் பார்த்துக் கொடுக்கும் கைச்செலவுக் காசு.

2007: தனி அக்கவுன்ட், தனிக் கடன்

100 ரூபாயில் கடைசி 16 ரூபாய், கடன். இதற்கும் ஒரு தேதி இருக்கிறது.

2007 டிசம்பர் 17 வரை புதுச்சேரிக்குத் தனியான 'பொதுக் கணக்கு' கிடையாது. அரசு ஊழியர் சேமநிதி போன்ற பணம் மத்திய அரசின் கணக்கோடு சேர்ந்திருந்தது. வெளிச்சந்தையில் கடன் வாங்கும் வசதியும் இல்லை. பற்றாக்குறை வந்தால் டெல்லிதான் மானியமாகவோ கடனாகவோ பார்த்துக்கொள்ள வேண்டும். தனிக் கணக்கு தொடங்கிய பிறகு, மாநிலங்களைப்போல ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்ட முடிந்தது.

வேலைக்குப் போன பையனுக்குத் தனி அக்கவுன்ட் தொடங்கிக் கொடுத்த கதைதான். கிரெடிட் கார்டு கிடைத்தது. மாதக் கடைசியில் பற்றாக்குறையை அப்பா சரிக்கட்டும் பழக்கம் நின்றுபோனது.

இந்தக் கடன் பத்திரங்களை வாங்குவது பெரும்பாலும் வங்கிகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் சேமநிதி அமைப்புகளும். அதாவது யாரோ ஒருவர் மாதாமாதம் கட்டும் பிஎஃப் பணமும் பிரீமியமும்தான் சுற்றி வளைத்துப் புதுச்சேரிக்குக் கடனாக வருகிறது. வட்டியும் அசலும் அடுத்தடுத்த பட்ஜெட்களின் முதல் செலவாக உட்கார்ந்துகொள்கின்றன. பழைய மத்தியக் கடன்களைத் தள்ளுபடி செய்யுங்கள் என்பது புதுச்சேரி அரசுகளின் நீண்ட நாள் கோரிக்கை.

டெல்லி அரசின் நிலையைப் புதுச்சேரித் தலைவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டுவதும் இதனால்தான். டெல்லியும் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். ஆனால் அதன் போலீஸ் செலவும் அரசு ஊழியர் ஓய்வூதியமும் மத்திய அரசின் தலையில். புதுச்சேரியோ இரண்டையும் தன் பட்ஜெட்டில் இருந்தே கொடுக்கிறது.

பட்ஜெட் படிக்கும் முன்பே ஒரு கையெழுத்து

சரி, பணம் வந்துவிட்டது. இனி செலவு செய்யலாமே?

அவ்வளவு சுலபம் இல்லை. 1963-ம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டப்படி, பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் அது உள்துறை, நிதித்துறையின் ஒப்புதல். மாநிலத் திட்டக்குழு கூடி மொத்தத் தொகையை முடிவு செய்யும். அதற்குத் தலைவர் துணைநிலை ஆளுநர். பிறகு ஃபைல் டெல்லிக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வந்தால்தான் முதல்வர் எழுந்து பட்ஜெட் படிக்க முடியும்.

2022-ல் என்ன நடந்தது என்று பார்த்தாலே புரியும். ஆகஸ்ட் 10-ம் தேதி ஆளுநர் உரையோடு சட்டமன்றம் தொடங்கியது. டெல்லியில் இருந்து ஒப்புதல் வரவில்லை. சபை தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. ஒப்புதல் வந்த பிறகு ஆகஸ்ட் 22-ம் தேதி பட்ஜெட் தாக்கலானது. நிதியாண்டு தொடங்கி அதற்குள் கிட்டத்தட்ட 5 மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரை இடைக்கால பட்ஜெட்தான்.

இடைக்கால பட்ஜெட்டில் சம்பளம் போடலாம், பென்ஷன் கொடுக்கலாம். புதுத் திட்டம் தொடங்க முடியாது. முழு பட்ஜெட் ஆகஸ்டில் வந்தால், டெண்டர் விட்டு ஆள் பிடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழை முடிந்து வேலை தொடங்கினால் மார்ச் 31 கண்ணுக்குத் தெரியும். 'ஒதுக்கினாங்க, ஆனா செலவு பண்ணல' என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதிக்கு இந்தக் காலண்டரே விளக்கம். 2023-லும் 2025-லும் மார்ச் மாதத்திலேயே முழு பட்ஜெட் தாக்கலானபோது அது செய்தியானது இதனால்தான்.

அரிசியா, பணமா? ஒரு மூட்டை சொல்லும் பாடம்

பட்ஜெட் நிறைவேறிய பிறகும் பணம் எந்த வடிவில் மக்களைப் போய்ச் சேரும் என்பது தீர்ந்த விஷயம் இல்லை.

2015 செப்டம்பரில் மத்திய அரசு, ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனையைச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. அதுபோக புதுச்சேரி அரசுக்கு என்று சொந்தமாக ஓர் இலவச அரிசித் திட்டமும் இருந்தது. 2016-ல் வி.நாராயணசாமி முதல்வரானார். துணைநிலை ஆளுநராக கிரண் பேடி வந்தார். மாநிலத் திட்டத்திலும் அரிசியா, பணமா என்று மோதல் தொடங்கியது.

அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றது அமைச்சரவை. அந்தப் பணத்தில் கடையில் அதே அளவு அரிசி வாங்க முடியாது, பணம் வேறு வழியில் செலவாகிவிடும் என்பது அவர்கள் வாதம். கொள்முதலில் முறைகேட்டுக்கு இடம் வேண்டாம், தரம் குறைந்த அரிசி வேண்டாம், நேரடியாகப் பணம் போடுங்கள் என்றார் ஆளுநர். இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போக வேண்டும் என்கிறது 1963 சட்டம். போனது. பணம்தான் என்று மத்திய அரசு சொன்னது. முதல்வர் நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதற்கு இணையாக இன்னொரு வழக்கு. அரசின் அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரலில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

இதற்கிடையில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். நாராயணசாமி அரசு 2021 பிப்ரவரியில் கவிழ்ந்தது. அடுத்து வந்த ரங்கசாமி அரசு 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகளைத் திறந்து மீண்டும் அரிசி கொடுக்கத் தொடங்கியது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ.

ஒரு குடும்பத்துக்கு மூட்டையில் அரிசி போட வேண்டுமா, அக்கவுன்ட்டில் பணம் போட வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு சட்டமன்றம், ஓர் ஆளுநர், உள்துறை, உயர் நீதிமன்றம் எல்லாம் தேவைப்பட்டன. அதற்குள் 8, 9 ஆண்டுகள் கடந்துவிட்டன.

கடைசிப் படியில் யாரும் இல்லை

பணம் தெருவுக்கு இறங்கும் கடைசிப் படி உள்ளாட்சி. புதுச்சேரியில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளாட்சிப் பணிகளைப் பார்த்துவருகின்றன. 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பெயர்.

1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் ஒருமுறை தேதி வரை வந்தும் நடக்கவில்லை. வாய்க்கால் தூர்வாரவும் தெருவிளக்கு போடவும் கேட்க வேண்டியது கவுன்சிலரை அல்ல, அதிகாரியை. இல்லையென்றால் எம்எல்ஏவை. ஒரு தொகுதியில் சில பத்தாயிரம் வாக்காளர்களே இருப்பதால் எம்எல்ஏ வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே எளிது. ஆனால் அது பழக்கத்தால் நடப்பது. சட்டம் தந்த ஏற்பாடு இல்லை.

இதில் டெல்லியைக் குறை சொல்ல முடியாது. தேர்தல் நடத்தாமல் விட்டது மாறி மாறி வந்த புதுச்சேரி அரசுகள். நிதி ஆணையத்தில் பங்கு கேட்பவர்கள், தங்கள் கையில் இருப்பதைக் கீழே பகிர்ந்து கொடுப்பதில் அதே அவசரம் காட்டவில்லை.

அரசு நிறுவனங்களின் கதையும் இப்படித்தான். 1898-ல் தொடங்கிய, ஊர்க்காரர்கள் 'ரோடியர் மில்' என்று சொல்லும் ஏஎஃப்டி ஆலையை 1980-களில் அரசு எடுத்து நடத்தியது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை. பிறகு நஷ்டம் வர வர, சம்பளம் போடுவதற்கே பட்ஜெட்டில் இருந்து மானியம் போனது. ஆலையும் எழவில்லை, பணமும் திரும்பவில்லை. 2020 ஏப்ரலில் மூடப்பட்டது.

தனி மாநிலம் ஆனால் எல்லாம் சரியாகிவிடுமா?

தனி மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரி சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. மத்தியில் யார் ஆட்சியில் இருந்தாலும் பதில் ஒன்றுதான்: இப்போதைய நிலை தொடரும்.

மாநிலமானால் நிதி ஆணையத்தில் பங்கு உரிமையாகும். பட்ஜெட்டுக்கு முன் ஒப்புதல் தேவைப்படாது. அரிசிப் பஞ்சாயத்து உயர் நீதிமன்றம் வரை போகாது. அதேநேரம் இப்போது வரும் நிதியுதவி அந்த வடிவில் தொடராது. கோவாவுக்குக் கிடைப்பதே புதுச்சேரிக்கும் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் முடியாது. அது ஆணையத்தின் சூத்திரத்தைப் பொறுத்தது. பக்கத்து மாநில விலையை நம்பியிருக்கும் வருமானம் அப்படியேதான் இருக்கும். சம்பளம், பென்ஷன், வட்டி, மின் கொள்முதல் ஆகிய நான்கும் தின்று முடித்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்ற நிலையும் அப்படியே.

2025-26 பட்ஜெட்டில் சிவப்பு அட்டைக் குடும்பத் தலைவிகளுக்கான மாதாந்திர உதவி 1,000 ரூபாயில் இருந்து 2,500 ரூபாயாக உயரும் என்று முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு மதுவுக்கான கலால் வரியும் உயர்த்தப்பட்டது. ஒரு பக்கம் குடும்பத் தலைவிக்குப் போகும் காசு, இன்னொரு பக்கம் எல்லைக் கடையில் பாட்டில் வாங்குபவர் கொடுக்கும் காசு. அவர் சென்னையில் இருந்து காரில் வந்தவராகவும் இருக்கலாம், அந்தக் குடும்பத் தலைவியின் கணவராகவும் இருக்கலாம்.

அடுத்த முறை கனகசெட்டிக்குளத்தில் 'ஃபுல் டேங்க்' போடும்போது மிச்சமாகும் சில ரூபாய், புதுச்சேரி அரசு வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும் வரி. அதை விட்டுக்கொடுத்தால்தான் மீதி வரியாவது வரும் என்பதுதான் இந்தச் சின்ன ஊரின் நிதிநிலை.